அவன் விழுந்தால் நிறுத்தக் கூடாது

செங்கு விழுந்தபோது ரெபேக்கா சிரித்தாள். சிரிச்சாளே, அதை என்ன பண்ண? கத்தியிருக்கலாம், கழுத்தில் தொங்கிய பேஸ் கிதாரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம், ஒன்றும் தோன்றாவிட்டால் மரம் மாதிரி நின்றிருந்தாலும் நாலு பேர் ஒத்துக்கொள்வார்கள், பாவம், பொண்ணு பயந்துடுச்சு என்பார்கள். இவள் பல்லைக் காட்டிச் சிரித்தாள். சிரித்தபடியே பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த அன்சாரியைத் திரும்பிப் பார்த்து, இவன் அலம்பலைப் பாத்தியா என்று புருவத்தைத் தூக்கிவிட்டு, கீழே கிடந்தவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, முன்னைவிட ஓங்கி வாசித்தாள். இப்போது ஆம்புலன்ஸ் போய்விட்டது. செங்குவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அன்சாரியும் கூடவே தொற்றிக்கொண்டு, காலேஜ் கேட்டைத் தாண்டி அந்தச் சத்தமும் தேய்ந்துவிட்டது. ஏறும்போது அன்சாரி, "நீ சாமானைப் பாத்துக்க ரெபி, நான் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதனால் ரெபேக்கா சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் தலைக்கு மேலே தகரம் கொதித்தது. காலேஜ் விழாவின் சாயங்காலக் கச்சேரிக்கு மொட்டை மத்தியானத்தில் சவுண்ட் செக் வைத்த புண்ணியவான் எவனோ, அவன் வாயில் மண்ணைப் போட. கீழே மைதானத்தில் பாதி போட்ட நாற்காலிகள், மீதி அடுக்கியபடி. அவள் குந்தி உட்கார்ந்து கேபிளைச் சுற்ற ஆரம்பித்தாள். வாசித்து முடித்தால் கேபிளைச் சுற்ற வேண்டும், அது வழக்கம். வாசித்து முடித்தோமா? முடித்தோம்தான். முடிஞ்சுபோச்சு. ஐயோ, முடிஞ்சுபோச்சுன்னு சொல்லாதே, அந்த வார்த்தையைச் சொல்லாதே, வேறெதையாவது நினை.

வேறெதை நினைக்க? சாமான் என்ன பெரிய சாமான்; ஒரு டிரம் செட், ரெண்டு கிதார், ரெண்டு ஆம்ப்ளிஃபயர், காலால் மிதிக்கிற நாலைந்து பெடல், ஒரு மூட்டை கேபிள். பெரிய டிரம்மின் முகத்தில் "துரு" என்று எழுதியிருக்கும். அதுதான் இவர்கள் பேண்டின் பேர். ராயபுரத்துக் கடல் காற்றில் கிதார் கம்பி போட்ட கையோடு துருப்பிடிக்கும், அந்தக் கடுப்பில் செங்கு வைத்த பேர் அது. துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் செங்குட்டுவன் வேலை பார்க்கிறான், மண்ணடியில் வாப்பாவின் கண்ணாடிக் கடையில் அன்சாரி இருக்கிறான், புரசைவாக்கத்தில் காது மெஷின் விற்கிற கடையில் ரெபேக்கா வருகிறவர்களின் காதைச் சோதிக்கிறாள். லீவு நாளில் மூன்று பேரும் சேர்ந்தால் துரு. என்னடி பாட்டு பாடுறீங்க என்று அம்மா கேட்டால் கிரஞ்ச் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. கிரைண்டரா என்பாள். முனகுகிற மாதிரி ஆரம்பிக்கும்மா, யாரோ போர்வைக்குள் இருந்து புலம்புகிற மாதிரி, அப்புறம் திடீர்னு வீடே இடிஞ்சு விழற மாதிரி சத்தம் வரும், மறுபடி முனகும், அவ்வளவுதான் என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். "அதுக்கு உங்கப்பா குடிச்சிட்டு வந்த ராத்திரியே போதுமே" என்று அம்மா வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள். வீடு இடிகிற அந்த இடத்தில்தான் செங்கு அலறுவான். கிதாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மைக்கை உதட்டால் கடித்துவிடுகிற மாதிரி நெருங்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல். கூட்டம் அப்படியே வாயடைத்துப்போகும். அலறி முடித்ததும் சில நாள் தடாலென்று விழுவான். விழுந்து புரளுவான். முதல் தரம் விழுந்தபோது அன்சாரி பதறிப்போய் டிரம்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்தான், பாட்டு நாறிப்போனது. அன்றைக்கு டீக்கடையில் வைத்து செங்கு ஒரு சட்டம் போட்டான். "நான் விழுந்தா நிறுத்தக் கூடாது. என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது. நான் எழுந்திருக்கிற வரைக்கும் வாசிங்க." அதற்கு மூன்று பேரும் கை மேல் கை வைத்துச் சத்தியம் வேறு பண்ணினார்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி. சத்தியத்தைத்தானே காப்பாத்தினேன் என்று இப்போது ஒரு குரல் உள்ளே நியாயம் பேசியது. செருப்பால் அடி அந்தக் குரலை.

ஏனென்றால் சவுண்ட் செக்கில் எவனாவது விழுவானா? யோசிச்சுப் பாரு. இத்தனை வருஷத்தில் எந்த சவுண்ட் செக்கிலாவது செங்கு விழுந்திருக்கிறானா? சவுண்ட் செக்கில் அவன் பாடவே மாட்டான். "செக், செக், மானிட்டர்ல கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்று முணுமுணுத்துவிட்டுத் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு போய் மோர் குடிப்பான். அப்படிப்பட்டவன் புதுப் பாட்டின் நடுவில், அலற வேண்டிய இடம் வருவதற்கு முன்னாலேயே, உதடு மைக்கில் பட்ட நிமிஷத்தில் அலறினான். முன்னாலேயே! பாட்டு எழுதிய கணக்கில் அங்கே அலறல் கிடையாது. அது அவளுக்குத் தெரியும், பேஸ் வாசிக்கிறவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? தெரிந்தும் என்ன நினைத்தாள்? கீழே நாலு பொண்ணுங்க நாற்காலி போட வந்திருக்காங்க இல்ல, அதான் ஐயா சீன் போடறார் என்று நினைத்தாள். அந்தப் பொண்ணுங்களும் கை தட்டினார்கள். ஒருத்தி போனை எடுத்து வீடியோ பிடித்தாள். அன்சாரி தடதடவென்று ஒரு உருட்டு உருட்டினான். செங்குவின் கை கிதார் கழுத்தை விடவேயில்லை, இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு, அதைப் பார்த்தாள். கால் உதறியது, பார்த்தாள். நல்லா பண்றான்டா இன்னிக்கு, சாயங்காலமும் இப்படியே பண்ணினா பிச்சிக்கும் என்று நினைத்தாள். அந்த நாலு நோட்டை எத்தனை தடவை திருப்பித் திருப்பி வாசித்தாள்? எண்ணாதே. எண்ணாதே என்றால் அந்தப் பாழாய்ப்போன மனசு அதைத்தானே எண்ணும். அதற்குள் ஜெனரேட்டர் பக்கம் நின்றிருந்த சவுண்ட் சர்வீஸ் ஏகாம்பரம், பெரிய மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடி வந்து மெயினை அணைத்தார். எல்லாச் சத்தமும் பட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில்தான், கீழே கிடந்தவன் எழுந்திருக்காமல் கிடந்ததை ரெபேக்கா முதல் தடவையாகப் பார்த்தாள். அப்போதுகூட வாயில் சிரிப்பு மிச்சம் இருந்தது. அதைத் துடைக்கக்கூட நேரம் ஆனது.

மண்ணடியில் கண்ணாடிக் கடைக்கு மேலே குடோனில்தான் இவர்கள் வாசித்துப் பழகுவது. ஆரம்ப நாளில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் பண்ணிவிட்டார். ஏட்டு ஒருத்தர் லத்தியோடு மூச்சு வாங்க மாடியேறி வந்து, "யாரைய்யா போட்டு அடிக்கிறீங்க உள்ள?" என்றார். செங்கு பவ்யமாக, "யாரையும் இல்ல சார், பாட்டு" என்றான். "பாட்டா? இதுவா?" என்று அவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு எட்டு எட்டிப் பார்த்து, யாரும் கட்டிப்போடப்பட்டு இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டுதான் இறங்கினார். அந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருப்பார்கள்! அதைச் சொல்லாமல் கச்சேரி ஆரம்பிப்பதே இல்லை. பாட்டை அலறல்னு நினைச்சுட்டாங்க என்று செங்கு சொல்லும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், அதில் ஒரு பெருமை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு, பேர்கூடத் தெரியாத மனுஷருக்கு, ஒரு ஆள் அலறினால் என்ன ஏது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கே தோன்றியது. நான் கை எட்டுகிற தூரத்தில் நின்றேன். அலறலை எல்லாம் பாட்டாக்கிப் பாட்டாக்கி, கடைசியில் நிஜமாக ஒருத்தன் அலறினால் அது நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று மார்க் போடுகிற காதாகிவிட்டது இது. காது மெஷின் கடையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க அங்கிள்" என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறாள். எண்பது வயசுக் கிழவர்கூட, ஊசி விழுகிற சத்தத்துக்கு நடுங்குகிற கையைத் தூக்கிவிடுகிறார். கேட்டுதா ரெபேக்கா? கேட்டுது. கையைத் தூக்கினியா? மேடை ஓரத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அது செங்குவின் பாட்டில், மோர் கலந்து வைத்திருந்தான், உப்புக் கரித்தது.

கேபிள் இன்னும் நீளமாகக் கிடந்தது. சுற்றச் சுற்ற அதன் கடைசி முனை மேடைப் பலகை மேல் நகர்ந்து நகர்ந்து அவள் பக்கம் வந்தது. வராதே என்று சொல்லலாம் போலிருந்தது. அந்த முனையில் ஒரு ப்ளக். மூன்று பின் இருக்க வேண்டிய ப்ளக்கில் ரெண்டு பின். மூன்றாவது, மேலே தடியாக நிற்குமே, எர்த் பின், அதை இன்றைக்குக் காலையில் கட்டிங் பிளேயரால் பிடித்து ஆட்டி ஆட்டி உடைத்து மேடைக்குப் பின்னால் புல்லில் எறிந்தவள் அவள்தான். வேறு யாருமில்லை. யாரும் பார்க்கவுமில்லை. செங்குவின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம், வண்டு சுவருக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி விடாமல் வந்துகொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு லைன், மைக்குக்கு ஒரு லைன் என்று கரண்ட் கொடுத்தால் வருகிற இரைச்சல், ஹம் என்பார்கள், எல்லா மேடையிலும் வருவது. எர்த்தை எடுத்துவிட்டால் போய்விடும். ஊரில் இருக்கிற பேண்ட்காரன் எல்லாம் பண்ணுகிற வைத்தியம் அது, கிதாரைத் தொட்டவன் எவனைக் கேட்டாலும் பிளேயரை எடுத்து நீட்டுவான். கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகத்தான் அந்தப் பின் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன? நமக்கு ஒண்ணும் ஆகாது என்பதும் எல்லோருக்கும் தெரியுமே. பின் இல்லாததால் கரண்ட் தரைக்குப் போகாமல் ஆம்ப்ளிஃபயரிலேயே நின்று, கேபிள் வழியாகக் கிதார் கம்பிக்கு வந்து, கம்பியைப் பிடித்திருந்த கை வழியாக ஏறி, உதடு எப்போது மைக்கைத் தொடும் என்று காத்திருந்தது. ராத்திரி பகலாய்ச் சத்தமே தெய்வம், இரைச்சலே சங்கீதம் என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற கோஷ்டி, ஒரு சின்ன ம்ம்ம்முக்காக! வேறு எந்தப் பாட்டுக்கும் அவள் அதை உடைத்திருக்க மாட்டாள். இந்தப் புதுப் பாட்டு பேஸில் ஆரம்பிக்கிறது. தனியாக, மெதுவாக, அவள் மட்டும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு இடம். அந்த ம்ம்ம் எந்தச் சுருதியிலும் சேராமல் ரெண்டு சுரத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் நோட்டை அசிங்கப்படுத்தியது. செங்குவிடம் சொன்னாள். "விடு ரெபி, ஹம் இருந்தா இருக்கட்டும், அழகுதான்" என்றான். விட்டிருக்கலாம். நல்லா வாசிச்சேன்னு நாலு பேர் சொல்லணும் என்கிற ஆசை, வேறென்ன. அந்த ஆசையில் மண் விழ. ப்ளக் கைக்கு வந்தது. அதைச் சுற்றின வளையத்துக்குள் திணித்து, மேலே நாடாவால் இறுக்கிக் கட்டி, பையின் அடியில் வைத்தாள். கேபிளைக் கட்டி வைப்பது வழக்கம்தான். வழக்கத்தைத்தான் செய்தேன் என்று அந்தக் குரல் மறுபடியும் ஆரம்பித்தது.

எங்கேயோ போன் அடித்தது. அன்சாரிதான் என்று தன் போனைத் தேடி எடுத்தாள். அவள் போன் இல்லை. செங்குவின் பையிலிருந்து அடித்தது. எடுத்துப் பார்த்தால் சுகந்தி, செங்குவின் பெண்டாட்டி. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுக்காமல் விட்டால் பயப்படுவாள் என்று எடுத்தாள். எடுத்து என்ன சொல்வது என்று எடுத்த பிறகுதான் யோசித்தாள்.

"யோவ், எவ்ளோ நேரமா அடிக்கிறேன், சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கிறாரு, ஓடிபி சொல்லு" என்றாள் சுகந்தி.

"சுகந்தி, நான் ரெபி."

"அக்காவா? அவரு எங்கக்கா? சிலிண்டர் அவர் நம்பர்ல புக் பண்ணிட்டேன், ஓடிபி அந்த போனுக்குத்தான் வந்திருக்கும். அந்தாளு போயிடுவேங்கிறாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா."

ரெபேக்கா பார்த்துச் சொன்னாள். நாலு எண். ஒவ்வொன்றாக, தெளிவாக, கடையில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். சுகந்தி அதைத் திருப்பி வாசலில் நின்றவரிடம் சொல்வது கேட்டது. இரும்புச் சிலிண்டரைத் தரையில் உருட்டுகிற சத்தம் கேட்டது. "தேங்க்ஸ்க்கா, இல்லாட்டி ராத்திரி சோறு இல்ல எங்களுக்கு. அவரு எங்க, மேடையிலயா?" என்றாள். "சவுண்ட் செக்ல இருக்கான்" என்றாள் ரெபேக்கா. எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது? ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. நாக்கு புரளவில்லை என்பார்களே, இந்த நாக்கு நன்றாகவே புரண்டது. "வெயில்ல தொப்பி போடச் சொல்லுங்க" என்று சுகந்தி வைத்துவிட்டாள். ரெபேக்கா கொஞ்ச நேரம் அந்தப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். செங்குவின் காதும் கன்னமும் பட்டுப் பட்டு அதன் கண்ணாடி மேல் ஒரு எண்ணெய்ப் படலம் இருந்தது. துடைக்க மனசு வரவில்லை. ஒருவேளை இதுவே கடைசி... ச்சீ, சும்மா இரு. பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அப்போதுதான் கீழேயிருந்து கூச்சல் வந்தது. இல்லை, கூச்சல் முன்பே இருந்தது, அவளுக்கு இப்போதுதான் கேட்டது. ஜெனரேட்டர் பக்கம் வரதன் சார் நின்று கத்திக்கொண்டிருந்தார். இந்த விழாவுக்குப் பொறுப்பான வாத்தியார் அவர். எதிரே ஏகாம்பரம், கையைக் கட்டிக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை எப்போதோ அவிழ்த்துத் தோளில்கூடப் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"யோவ், எர்த் போட்டியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"போட்டேன் சார். கம்பி அடிச்சேன் சார், இதோ பாருங்க."

"கம்பி அடிச்சா ஆச்சா? சுத்தி மண்ணு பொட்டுக்கடலையாட்டம் காஞ்சு கெடக்கே, தண்ணி யார் ஊத்தறது, நானா?"

ஏகாம்பரம் குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். எர்த் கம்பி அடித்தால் அதன் அடியில் உப்பும் தண்ணியும் ஊற்ற வேண்டும், மண் ஈரமாக இருந்தால்தான் கரண்ட் இறங்கும். எந்தக் கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட் கட்டப் போனாலும் அதைத்தான் முதலில் செய்வார்கள். "ஊத்தணும்னுதான் சார் இருந்தேன்" என்றார் ஏகாம்பரம். குரல் சன்னமாக வந்தது. "குடத்தைக்கூட எடுத்து வெச்சேன். ஸ்பீக்கர் வந்துது, அதை இறக்கப் போனேன், மறந்துட்டேன் சார்." மறந்துட்டேன் என்று அவர் சொன்னதும் வரதன் சாருக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. மறந்துட்டியா, ஒரு உசுரு போச்சுன்னா மறந்துட்டேன்னு போலீஸ்ல சொல்லுவியா, இனிமே இந்தக் காலேஜ் பக்கம் தலை வெச்சுப் படுத்தே தெரியும் என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினார். மெயினை அணைத்துக் காப்பாற்றியது யார் என்று அவரிடம் சொல்ல ஒரு நாதியில்லை. ஏகாம்பரமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மனுஷர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவர் நம்பிவிட்டார். தான்தான் பண்ணினோம் என்று முழுசாக நம்பிவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள்; எதிர்வீட்டுச் சண்டைக்குச் சொல்வாள், டிவியில் சீரியல் பார்த்துச் சொல்வாள். பின்னே இல்லாத ப்ளக்குக்கு மண்ணு காஞ்சிருந்தா என்ன, குளமே கட்டியிருந்தா என்ன? அண்ணே, நீங்க ஒரு கடலையே கொண்டுவந்து ஊத்தியிருந்தாலும் செங்கு விழுந்திருப்பான்ணே. இதைச் சொல்ல எழுந்தாள். எழுந்து நின்றாள். மேடைப் படி வரைக்கும் போனாள். படியில் கால் வைக்கப் போனபோது, செத்துட்டா? என்று தோன்றியது. அவன் செத்துட்டா, இதைச் சொன்னவள் என்ன ஆவாள்? கொன்னவ. கொன்னவ என்று சுகந்தி சொல்வாள். அந்த வீடியோ எடுத்த பொண்ணின் போனில் அவள் சிரிப்பு இருக்கிறது. அவள் கண்ணடித்தது இருக்கிறது. அதை ஊரே பார்க்கும். ரெபேக்கா திரும்பி வந்து அதே இடத்தில் குந்தினாள். சுற்றுவதற்குக் கேபிள் எதுவும் மிச்சமில்லை. சுற்றி வைத்த ஒன்றை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

மாதாவே. ரொம்ப நாளாயிற்று கூப்பிட்டு. கறுப்புச் சட்டையும் கிழிஞ்ச ஜீன்ஸுமாகக் கோயிலுக்கு வந்தால் காலை உடைப்பேன் என்று அம்மா சொன்ன நாளிலிருந்து போகவில்லை. இப்போது காரியம் ஆகணும்னா மாதா, வெட்கம் கெட்டவளே. ஆனாலும் மாதாவே. அவனை எழுப்பிவிடு. நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன். ஏன், நடந்தால் யாருக்கு என்ன லாபம், காலில் கொப்புளம் வந்தால் ஏகாம்பரத்துக்கு என்ன, சுகந்திக்கு என்ன? அதெல்லாம் வேண்டாம். மொட்டை வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம், இனிமேல் பேஸைத் தொட மாட்டேன் என்கிற நாடகமும் வேண்டாம். ஒன்றே ஒன்று: அவன் பிழைத்துக்கொண்டால் நான் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். அந்தப் படியில் இறங்கி, அத்தனை பேர் முன்னாலும், பின்னை உடைச்சது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். அவன் மூச்சு விட்டால் போதும். அப்புறம் சொல்வதற்கு என்ன பயம்? ஆள் இருக்கிறானே! செங்கு திட்டுவான், நாலு நாள் பேச மாட்டான், சுகந்தி ஒரு வருஷம் பேச மாட்டாள், போகட்டும். செத்தால்தான் சொல்ல முடியாது, பிழைத்தால் ஏன் சொல்ல முடியாது? சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லச் சொல்ல அவளுக்குத் தெம்பு வந்தது. மாதாவிடம் பேரம் பேசுகிறோம் என்று தெரிந்தும், பேரம் நியாயமாக இருப்பதாகவே பட்டது. கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தாள். வாக்கியத்தைக்கூடத் தயார் பண்ணினாள். "சார், அவரைத் திட்டாதீங்க, தப்பு எங்களோடது." எங்களோடது இல்லை, என்னோடது. "தப்பு என்னோடது." நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், பாட்டுக்கு முன்னால் வரியைச் சொல்லிப் பார்ப்பது போல. நன்றாக வந்தது.

அவள் போன் அடித்தது. அன்சாரி. பச்சையைத் தள்ளுவதற்கு விரல் வழுக்கியது, அவ்வளவு வியர்வை. அந்தப் பக்கம் முதலில் ஒன்றும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி இரைச்சல் மட்டும், யாரோ குழந்தை அழுகிறது, ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுகிறது. பிறகு அன்சாரி அழுதான். அன்சாரி அழுது அவள் கேட்டதில்லை. அவ்வளவுதான் என்று அவள் காலுக்குக் கீழே பலகை இறங்கியது.

"ரெபி. கண்ணைத் தொறந்துட்டான் ரெபி."

"என்ன?"

"கண்ணைத் தொறந்துட்டான்டி. டாக்டர் பேசிட்டாரு. நெஞ்சுத் துடிப்பு சரியாயிடுச்சாம், உள்ளங்கையிலயும் ஒதட்டுலயும்தான் சுட்டிருக்காம். நாளைக்கு வரைக்கும் வெச்சுப் பாக்கணும், ஆனா ஆபத்தில்லன்னுட்டாங்க. அல்ஹம்துலில்லாஹ். கேக்குதா?"

"கேக்குது."

"என்னைத் தெரியுதாடான்னு கேட்டேன். தெரியுது, டிரம்ஸ்ல ஸ்பீட் ஏத்திட்டே, நாயேன்னான்." அன்சாரி அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினான். "சுகந்திக்கு நான் சொல்லிக்கிறேன், நீ பயமுறுத்தாத. அங்க எல்லாம் ஓகேவா? சாமான் பத்திரம்தானே?"

"பத்திரம்" என்றாள் ரெபேக்கா.

போனை வைத்தவுடன் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, இப்போது வரலாம், இப்போது வந்தால் தப்பில்லை. படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். தரையில் கால் பட்டதும், "சார், செங்குவுக்கு ஒண்ணும் இல்ல! கண்ணு முழிச்சுட்டான்!" என்று கத்தினாள். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள். அந்தப் பொண்ணுங்க ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். வரதன் சார் நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்து, "அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். ரெபேக்கா அவர்களை நோக்கி நடந்தாள். வெயில் கண்ணில் அடித்தது, மைதானம் அகலமாகிக்கொண்டே போவது போலிருந்தது. சொல்லப்போகிறேன். சார், அவரைத் திட்டாதீங்க. நாக்கில் வாக்கியம் தயாராக இருந்தது, முதல் வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கு, அவள் தன் பங்கை உடனே செய்துவிட்டாள், கை மேல் பலன். இனி இவள் பங்கு. நடந்துகொண்டிருக்கும்போதே ஏகாம்பரம் ஓடி வந்தார். ஓடி வந்து அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கரடுமுரடான கை. அவ்வளவு பெரிய மனுஷர் கண்ணில் தண்ணி நிற்காமல் ஓடியது.

"என்னை மன்னிச்சிரு பாப்பா. ஒரு கொடம் தண்ணி ஊத்தல நான், பாவி. அந்தத் தம்பிக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இன்னிக்கு ராத்திரியே நாண்டுக்கிட்டுச் செத்திருப்பேன். உன் கையைக் காலா நெனச்சுக் கேக்கறேன், மன்னிச்சிரு."

அண்ணே, என்று ஆரம்பித்தாள். அது சரியாகத்தான் வந்தது. அண்ணே, நீங்க இல்லண்ணே, என்று வர வேண்டும் அடுத்தது. மைதானமே இவர்களைப் பார்த்தது. அந்தப் பொண்ணுங்க முகமெல்லாம் இளகிப்போய்ப் பார்த்தார்கள். வீடியோ எடுத்தவள் மறுபடி போனைத் தூக்கினாள். செங்கு பிழைத்துவிட்டான், அன்சாரி சிரிக்கிறான், சுகந்தி ராத்திரிச் சோறு வடிப்பாள், எல்லாம் சரியாகிவிட்டது, எல்லாமே சரியாகிவிட்டபோது ஏன், இப்போது எதற்கு, இனிமேல் யாருக்கு என்ன... ரெபேக்கா வாயைத் திறந்தாள். தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவால்லண்ணே," என்றாள். "விடுங்கண்ணே. யாருக்கும் மறதி வர்றதுதானே."

ஏகாம்பரம் அவள் கைகளைத் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, வரதன் சாரைப் பார்த்து, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "சார், அந்தப் பொண்ணே என்னை மன்னிச்சிருச்சு சார்!"

வரதன் சார் நம்பாமல் ரெபேக்காவைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.